உப்புக் கடல் நடுவே ஒரு குடம் நன்னீர்

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (வேதியியல்)

கடலருகே நின்றுகொண்டு குடிநீர் தேடுபவனைக் கண்டால் உலகம் நகைக்கும். கண்ணுக்கு எட்டிய தொலைவெல்லாம் நீர். நாவில் வைக்க ஒரு துளியும் உதவாது. ஆனால் இருபுறமும் கடல் சூழ்ந்த ஒரு மணல் திட்டில், அலை வந்து மீளும் இடத்திலிருந்து கூப்பிடு தொலைவில், மூன்றடிக் குழி தோண்டி அன்றாடம் குடிநீர் எடுத்து வாழும் மக்கள் நம் தமிழகத்திலேயே இருக்கிறார்கள். அந்த இடம் தனுஷ்கோடி. அழகிய கடற்கரை என்று அதனைப் பலர் எழுதிவிட்டார்கள். அழிந்த நகரம் என்றும் பலர் எழுதிவிட்டார்கள். அங்குள்ள நீரைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2025 சனவரித் திங்களில் எங்கள் துறை மாணவர் நாற்பதின்மரும் பேராசிரியர் இருவரும் கல்விச் சுற்றுலாவாக அங்குச் சென்றோம். தருமபுரியிலிருந்து தனுஷ்கோடி ஐந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து புறப்பட்டது. தொப்பூர்க் கணவாயில் இறங்கும் வரை பாட்டும் கைத்தட்டலுமாக இருந்தது. சேலம் தாண்டியதும் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. சன்னலோரத்தில் இடம் கிடைத்த காரணத்தால் நான் விழித்திருந்தேன். நள்ளிரவில் பரமத்தி வேலூர்ப் பாலத்தின்மேல் காவிரியைக் கடந்தோம். எங்கள் மாவட்டத்தில் ஒகேனக்கல்லில் பாறைகளை மோதி ஆர்ப்பரித்து விழும் அதே ஆறு, இங்கே இருளில் அகன்று, ஓசையின்றிக் கிடந்தது. கரூர், திண்டுக்கல், மதுரை எல்லாம் உறக்கத்திலேயே கடந்து போயின.

பொழுது புலர்ந்தபோது பரமக்குடியைத் தாண்டியிருந்தோம். நிலம் முற்றிலும் மாறிவிட்டது. மலை இல்லை, பாறை இல்லை, மேடும் பள்ளமும் இல்லை. கருவேலங்காடுகளும், கரை உயர்த்திய கண்மாய்களும், ஊருக்கு ஊர் ஊருணிகளும் மாறி மாறி வந்தன. ஊருணி என்பது ஊரார் உண்ணும் நீருக்கென்றே வெட்டிய குளம். கால் கழுவவும் அதில் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்த ஊர்கள் பல உண்டு என்று பேராசிரியர் கூறினார். சாலையோரத்தில் பெண்கள் நான்கு சக்கரத் தள்ளுவண்டிகளில் குடங்களை அடுக்கித் தள்ளிச் சென்றனர். நெடுந்தொலைவு நம்மோடு வரும் வைகை ஆறும் இராமநாதபுரத்துப் பெரிய கண்மாயை நாடிச் சென்று அடங்கிவிடுகிறது. தண்ணீர் பற்றிய பாடம் கடற்கரையில் அல்ல, இந்தச் சாலையிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

மண்டபத்தை அடுத்துக் கடலின்மேல் ஏறுகிறோம். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். கீழே ஒரு பக்கம் 1914-இல் தொடங்கிய பழைய இரயில் பாலம். 2022 திசம்பரோடு அதில் இரயில் ஓட்டம் நின்றுவிட்டது. அதனருகே புதிய தூக்குப் பாலம் நாங்கள் சென்றபோது கட்டி முடிந்து காத்திருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று அது திறந்து வைக்கப்பட்டது. பேருந்தைப் பாலத்தின்மேல் நிறுத்தலாகாது. எனினும் ஓட்டுநர் எங்கள் கூச்சலுக்கு இரங்கி மிக மெதுவாகச் செலுத்தினார். கடலை முதன்முறை காண்பவர்கள் எங்களுள் பதினொருவர். அவர்களுள் நானும் ஒருவன்.

இராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கே தனுஷ்கோடி நோக்கிச் செல்லும் சாலை வரவரக் குறுகும் ஒரு மணல் நாக்கின்மேல் செல்கிறது. முன்பு முகுந்தராயர் சத்திரத்தோடு நல்ல சாலை முடிந்துவிடும். அதற்கு அப்பால் மணலிலும் நீரிலும் மீன் வண்டிகளில் குலுங்கிக்கொண்டுதான் செல்ல வேண்டும். 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பின்னர், பேருந்திலிருந்து செருப்புக் கழற்றாமலே நிலத்தின் கடைசி முனை வரை போய்விடலாம். சாலையின் நன்மையும் அதுதான், தொல்லையும் அதுதான். இதனைப் பின்னர்க் காண்போம்.

அரிச்சல்முனையில் நிற்பவனுக்கு இடப்புறம் பாக் நீரிணை, வலப்புறம் மன்னார் வளைகுடா. அங்குள்ள மக்கள் முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் அழைக்கின்றனர். காற்று திசை மாறினால் இந்தக் குணமும் இடம் மாறும் என்று ஒரு மீனவர் சிரித்துக்கொண்டே சொன்னார். வடகிழக்குக் காற்று ஓயாத அந்நாளில் பெண் கடலும் சற்றுச் சினந்தே இருந்தது. ஒரு புறம் பச்சை, மறுபுறம் கருநீலம், நடுவே வெண்மணல், எதிரே முப்பது கிலோமீட்டர்த் தொலைவில் இலங்கையின் தலைமன்னார்! என்னே காட்சி! படம் எடுத்தவர்கள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நீரோட்டம் கொடியது; ஆகவே அங்கே குளிப்பதற்கு அனுமதியில்லை.

திரும்பும் வழியில் பழைய நகரத்தின் இடிபாடுகளைக் கண்டோம். கூரையற்ற தேவாலயம், இரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர்கள், நீர்த்தொட்டி. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து போட் மெயில் வண்டி இங்கு வந்து சேரும். பயணிகள் இங்கிருந்து கப்பலேறித் தலைமன்னார் செல்வர். 1964 திசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயலில் கடல் ஊரின்மேல் ஏறியது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் வண்டி முழுவதுமாக அடித்துச் செல்லப்பட்டு, அதிலிருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டவர் மாண்டனர். மக்கள் வாழத் தகாத இடம் என்று அரசு அதனை அறிவித்தது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசைகளில் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன. மீன் இருக்கும் இடத்தில் மீனவர் இருப்பர் என்பது சரியே. ஆனால் மீனை மட்டும் வைத்து வாழ முடியுமா? குடிக்க நீர் வேண்டாமா?

மணற்குழி

இடிபாடுகளுக்குப் பின்னால், குடிசைகளுக்கு அருகே, நடுத்தர வயதுடைய ஓர் அம்மையார் மணலில் குனிந்திருந்தார். அருகே இரண்டு பிளாஸ்டிக் குடங்கள். மூன்றடி ஆழமிருக்கும் ஒரு குழி. வாய் அகன்று, அடி குறுகி, புனல் போல் இருந்தது. அடியில் இரண்டு கை அளவு நீர். சிரட்டையால் அதனை மெல்ல மொண்டு, குடத்தின் வாயில் கட்டிய துணி வழியே ஊற்றினார். பின்பு காத்திருந்தார். சுற்றிலுமிருந்து நீர் கசிந்து மீண்டும் நிறைந்தது. மீண்டும் ஒரு சிரட்டை.

“குடிச்சுப் பாருங்க தம்பி” என்று நீட்டினார். குடித்தேன். உப்பு இல்லை! எங்கள் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காட்டிலும் நன்றாகவே இருந்தது.

“இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் நிறைய வருமே அம்மா, இப்படிக் காத்திருக்க வேண்டாமே?” என்று கேட்டேன்.

“ஆழமாப் போனா உப்பு ஏறிரும் தம்பி. ஏறிருச்சுன்னா இந்தக் குழி ஆகாது. தள்ளி வேற குழி போடணும்” என்றார்.

அவர் விடையைக் கேட்டு வியந்தவர்களுள் நான் முதல்வன். அதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் கிணறு வெட்டும் தொழிலாளி. கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்தவர். ஆனால் பாறையைத் தட்டிய ஓசை கொண்டே அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். எங்கள் மாவட்டத்தின் நிலம் கெட்டிப் பாறை. கடப்பாரையாலும் உளியாலும் வெடியாலும் அறுபது அடி இறங்கினால்தான் ஊற்றுக்கண் திறக்கும். நீர் வரவில்லையா? இன்னும் ஐந்தடி. அப்போதும் வரவில்லையா? இன்னும் ஐந்தடி. இதுவே எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்த நியாயம். பின்னர் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்தன. ஐந்தடிக் கணக்கு நூறடிக் கணக்காயிற்று. ஆயிரம் அடி இறங்கிய துளைகளும் எங்கள் ஊரில் உண்டு. தந்தையாருக்கு இப்போது தூர் வாரும் வேலைதான் கிடைக்கிறது. ஆழத்தில் கிடைத்த நீரிலோ புளூரைடு மிகுந்து பற்களில் கறை படிந்தது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவே காரணம்.

ஆழம் போனால் நீர் கிடைக்கும் என்பது பாறை நாட்டு விதி. ஆழம் போனால் நீர் கெடும் என்பது அந்த அம்மையாரின் விதி. இவ்விரண்டில் பின்னதற்கு அறிவியல் விளக்கம் யாது?

மணல் வடிகட்டுகிறதா?

பேருந்தில் இதுபற்றிப் பெரிய வாதம் நிகழ்ந்தது. நண்பர்களுள் பெரும்பாலோர் கூறிய விடை, “கடல் நீர் மணல் வழியாக வரும்போது வடிகட்டப்பட்டு உப்பு நீங்கிவிடுகிறது” என்பது. கேட்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் வேதியியல் மாணவர் இதனை ஏற்கலாகாது. மணல் தடுப்பது மிதக்கும் தூசியை. கரைந்த பொருளை அன்று. உப்பு நீரில் கரையும்போது சோடியம் அயனியாகவும் குளோரைடு அயனியாகவும் பிரிந்து நீர் மூலக்கூறுகளின் நடுவே கலந்துவிடுகிறது. மணற்பருக்கைகளின் இடைவெளியோடு ஒப்பிட்டால் அயனி என்பது கோட்டை வாயிலில் நுழையும் கொசுவைவிடச் சிறிது. மணலால் உப்பு நீங்குமாயின் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் பெருஞ்செலவில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் எதற்கு? மெரினா மணலே சென்னைக்குப் போதுமே!

அப்படியாயின் அந்நீர் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து வந்தது. அது கடல் நீரே அன்று, மழை நீர்.

இராமேசுவரம் தீவின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் பெய்வது. 2024 நவம்பரில் அங்கே ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டர் அளவில் மழை கொட்டியது. களிமண் நிலமாயின் அந்நீர் ஓடிப்போயிருக்கும். மணலில் ஓடை இல்லை. விழுந்த நீர் விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். மணலின் கன அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் என்று கொள்ளலாம். மேல் மணல் காய்ந்துவிட்டால் அதுவே மூடிபோல் அமைந்து கீழிருக்கும் ஈரத்தைக் கதிரவனிடமிருந்து காக்கிறது. நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் உள்ள மணல் பரப்பில் பத்து சென்டிமீட்டர் மழை நீர் இறங்கினால் பத்து இலட்சம் லிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. மீண்டும் ஒருமுறை போட்டேன்.

சரி, இறங்கிய மழை நீர் அடியிலுள்ள உப்பு நீரோடு கலந்துவிடாதா? இங்கேதான் அடர்த்தி என்னும் பண்பு குறுக்கிடுகிறது.

நாற்பதும் நாற்பத்தொன்றும்

நன்னீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.000 கிராம். கடல் நீரின் அடர்த்தி சுமார் 1.025 கிராம். வேறுபாடு நூற்றுக்கு இரண்டரை. இவ்வளவு சிறிய வேறுபாடு என்ன செய்துவிடும் என்று எண்ண வேண்டாம். நாற்பது சென்டிமீட்டர் உயரமுள்ள கடல் நீர்த் தம்பத்தைச் சமன் செய்ய எவ்வளவு உயரமுள்ள நன்னீர்த் தம்பம் வேண்டும்? நாற்பதை 1.025-ஆல் பெருக்குங்கள். நாற்பத்தொன்று. அதாவது கடல் மட்டத்திற்குக் கீழே நாற்பது பங்கு நன்னீர் நிற்க வேண்டுமானால், கடல் மட்டத்திற்கு மேலே ஒரு பங்கு நன்னீர் உயர்ந்து நிற்க வேண்டும். மேலே ஓர் அடி. கீழே நாற்பது அடி. மேலே ஓர் அங்குலம். கீழே நாற்பது அங்குலம்.

கலக்கும் தன்மையுள்ள இரு திரவங்களை யு வடிவக் குழாயில் ஊற்றி ஒப்பிட முடியாது என்பதால்தான் முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் ஹேர் கருவியைக் கொடுத்தார்கள். தனுஷ்கோடியில் அந்தக் கருவியின் வேலையை மணல் செய்கிறது. பருக்கைகளின் நெருக்கத்தில் நீர் விரைந்து புரள இயலாது. ஆகவே இரண்டு நீரும் மிக மெதுவாகவே கலக்கின்றன. எண்ணெய் நீரின்மேல் மிதப்பதுபோல் மழை நீர் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. எல்லையில் மட்டும் உவர்நீராக ஒரு கலப்புப் படலம் உண்டு. திட்டின் நடுவில் தடித்தும் இருகரையிலும் மெலிந்தும் இருப்பதால் இந்த நன்னீர்த் தொகுதியை வில்லை என்று அழைக்கின்றனர். ஒளியியலில் நாம் படிக்கும் குவிவில்லையின் வடிவம்தான்.

இந்த உண்மையை 1880-களின் இறுதியில் ஆலந்து நாட்டுப் படைப் பொறியாளர் பாடன் கைபென் எடுத்துரைத்தார். 1901-இல் செர்மானியப் பொறியாளர் எர்சுபெர்க் தம் நாட்டுக் கடலோரத் தீவுகளில் கிணறு தோண்டிய அனுபவத்தால் தனியே இதே முடிவை வெளியிட்டார். இருவர் பெயராலும் கைபென்–எர்சுபெர்க் விதி என வழங்குகிறது. அவ்விருவரும் கண்டதைச் சிரட்டை ஏந்திய அந்த அம்மையார் நாற்பது என்ற எண் இல்லாமலே அறிந்து வைத்திருக்கிறார்.

விதியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது. அது நீர் அசையாமல் நிற்பதாகக் கொண்டு எழுதியது. உண்மையில் வில்லையிலிருந்து நன்னீர் இருபுறமும் கடலுக்குக் கசிந்துகொண்டே இருக்கிறது. மழை அதனை ஈடு செய்கிறது. தனுஷ்கோடித் திட்டு மிகக் குறுகியது. அதனால் அங்கே வில்லை தடிப்பாக இருக்க வழியில்லை. கலப்புப் படலமும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கோடையில் இன்னும் மெலியும்.

கடலுக்குக் கசிகிறது என்றேன் அல்லவா? தங்கச்சிமடத்தை அடுத்துக் கடலுக்குள்ளேயே அமைந்திருக்கும் வில்லூண்டித் தீர்த்தத்தில் நீர் இனிப்பதற்கும் இந்தக் கசிவைக் கொண்டே விளக்கம் கூறலாம். சீதையின் தாகம் தீர்க்க இராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது தலக்கதை. கதையில் வரும் வில்லும் நாம் சொல்லும் வில்லையும் பெயரளவில் நெருங்கி வருவது தற்செயலே! கதையைப் போற்றுவோர் போற்றட்டும். நீர் அங்கே இருப்பதை எவரும் மறுக்கவில்லை.

மோட்டாரும் சிரட்டையும்

இனி அந்த அம்மையாரின் எச்சரிக்கைக்கு வருவோம். ஓரிடத்தில் நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட அரை அடி உயர்ந்திருக்கிறது என்று கொள்வோம். விதிப்படி கீழே இருபது அடி நன்னீர். அங்கே ஒரு மோட்டாரைப் பொருத்தி, மட்டத்தை மூன்றங்குலம் இறக்கினால் என்ன நேரும்? மேலே குறைந்தது கால் அடி. கீழே உப்பு நீர் பத்தடி மேலெழும்ப முயலும். குழாயின் நேர் கீழே அது கூம்புபோல் குவிந்து ஏறும். மேலிருந்து எடுப்பவன் கண்ணுக்கு மூன்றங்குலம்தான் தெரியும், பத்தடி தெரியாது.

எவ்வளவு உப்பு கலந்தால் நீர் கெடும்? கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உள்ளது. குடிநீரில் 250 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 1,000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. ஆக, நூறு குடம் நன்னீரில் ஒன்றரைக் குடம் கடல் நீர் சேர்ந்தாலே முதல் எல்லை தாண்டிவிடும். ஐந்தாறு குடம் சேர்ந்தால் இரண்டாம் எல்லையும் போய்விடும். கெடுவதற்கு ஒரு வாரம் போதும். தெளிவதற்கு மழைக்காலங்கள் வேண்டும்; ஏனெனில் புகுந்த உப்பைப் புது மழை நீர்தான் கழுவிக் கீழே தள்ள வேண்டும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கிணறுகளிலிருந்து அளவின்றி நீர் இறைத்ததால் கடல் நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது நாடறிந்த செய்தி. அங்கே நிலம் அகன்றது. தனுஷ்கோடியிலோ இருபுறமும் கடல்.

சிரட்டை இறைப்பு மெதுவானது. அந்த மெதுவே அதன் காவல். கசிந்து வரும் வேகத்துக்குமேல் அதனால் எடுக்க இயலாது. ஆழமில்லாத பல குழிகளில் சிறிது சிறிதாக எடுப்பதைக் காட்டிலும் சிறந்த முறையை எந்த நூலும் இதுவரை சொல்லவில்லை என்றார் எங்கள் பேராசிரியர். பெரிய தீவுகளில் குழாய்களைக் கிடைமட்டமாகப் பதித்து மேல் நீரை மட்டும் வடித்தெடுக்கும் முறை உண்டு. அதுவும் சிரட்டையின் தத்துவமேயாகும். இலட்சத்தீவின் கவரத்தியிலும் இத்தகைய வில்லை நீரை நம்பித்தான் மக்கள் வாழ்ந்தனர். அது போதாமற் போகவே 2005-இல் கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைத்தனர்.

இப்போது சாலைக்குத் திரும்புவோம். தார்ச்சாலை வந்தபின் அந்த மணல் நாக்குக்கு நாள்தோறும் வண்டிகள் அணிவகுக்கின்றன. எங்கள் பேருந்தும் அவற்றுள் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. வருவோரைக் குறை கூற எனக்கு மனமில்லை. கடலைக் காணாத பதினொருவருக்கு அதனைக் காட்டியது அந்தச் சாலைதான். அதனால் மீனவப் பெண்கள் சிலருக்குச் சங்கு, பாசி, பொரித்த மீன் விற்கும் வழியும் பிறந்துள்ளது. ஆயினும் மழை நீரை வழிமறிக்காமல் உள்ளே விடும் அதே மணல், கழிவையும் வழிமறிக்காது. மணல் மேட்டின் மறைவில் ஒதுங்குவோர் அறியாதது ஒன்றுண்டு: அவர்கள் காலடியில் மூன்றடி ஆழத்தில் இருப்பது ஒரு குடும்பத்தின் குடிநீர். நாங்கள் நின்ற நேரத்திலேயே ஒரு வண்டியிலிருந்து இறங்கியவர்கள் எஞ்சிய குழம்பையும் தட்டுகளையும் மணலைக் கிளறிப் புதைத்துவிட்டுப் போனார்கள். குப்பையை வெளியில் போடாமல் புதைத்ததால் நல்லதே செய்ததாக அவர்கள் எண்ணியிருக்கக் கூடும்.

மணல் மேடும் வெறும் அழகுக்கு நிற்பதன்று. மேடு உயர்ந்திருந்தால்தான் நன்னீர் மட்டம் கடலைவிட உயர்ந்து நிற்க இடமுண்டு. மேட்டை வெட்டிச் சமன் செய்தால் மேலிருக்கும் ஒரு பங்கு போகும். அதனோடு கீழிருக்கும் நாற்பது பங்கும் போகும். வண்டி நிறுத்துவதற்கும் கட்டடம் எழுப்புவதற்கும் மணலைச் சமன் செய்ய எண்ணுவோர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கழிவறைகளை எங்கே வைப்பது, அவற்றின் கழிவைக் கசியவிடாமல் எப்படித் தீவுக்குள் கொண்டு செல்வது, வருவோருக்கான நீரை வெளியிலிருந்து கொணர்வதா என்பனவெல்லாம் பெரிய ஆராய்ச்சி வேண்டாத எளிய வினாக்கள். குழியில் நீர் எடுப்பவர்களையும் உட்காரவைத்துக் கேட்டால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். 1964-இல் அவர்களைக் கேட்காமல் கடல் வந்தது. இனி வருவது கடல் அன்று, நாம்தான்.

ஆய்வகத்தில்

குழி நீரில் ஒரு குப்பியும் பாக் நீரிணை நீரில் ஒரு குப்பியும் கொண்டுவந்தோம். ஒப்படர்த்திக் குடுவையில் எடை பார்த்தபோது கடல் நீர் 1.02-ஐ ஒட்டியும் குழி நீர் ஏறக்குறைய ஒன்றாகவும் இருந்தன. அடுத்து வெள்ளி நைட்ரேட் கரைசல். அதன் விலை கருதிச் சோதனைக் குழாய்க்கு மூன்று துளிக்குமேல் கூடாது என்பது ஆய்வக உதவியாளரின் ஆணை. கடல் நீரில் முதல் துளியிலேயே தயிர் போல் வெண்ணிற வீழ்படிவு திரண்டது. குழி நீரில் மூன்று துளிக்கும் பால் கலங்கியது போன்ற ஒரு மங்கல் மட்டுமே. துல்லியமான அளவு காண மோர் முறையில் தரம் பார்க்க வேண்டும். இந்த மோர் என்பவர் செர்மானிய வேதியியலார். தயிரோடு வந்ததால் நம் ஊர் மோர் என்று கொள்ளற்க. பொட்டாசியம் குரோமேட்டை நிறங்காட்டியாக இட்டு, செம்பழுப்பு நிறம் தோன்றும் வரை பியூரெட்டிலிருந்து விடுவது. கடல் நீரை அப்படியே எடுத்தால் ஒரு குடுவை வெள்ளி நைட்ரேட்டும் போதாது. நூறு மடங்கு நீர்க்கச் செய்துகொள்ள வேண்டும்.

ஊருக்குப் போயிருந்தபோது இச்செய்தியைத் தந்தையாரிடம் கூறினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எத்தனை அடியிலே தண்ணி?” என்றார். “மூன்றடி அப்பா” என்றேன். சற்று நேரம் பேசவில்லை. பின்பு, “மூணடியிலே நிறுத்தணும்னா அதுக்கு ரொம்பப் பழக்கம் வேணும்டா. கடப்பாரை புடிச்ச கை நிக்காது” என்றார்.

நாங்கள் எடுத்தது மழைக்காலம் முடிந்த தை மாதத்து நீர். வில்லை நிறைந்திருந்த காலம். சித்திரையிலோ ஆனியிலோ அதே குழியின் நீரில் குளோரைடு எவ்வளவு என்பதே இனிக் காண வேண்டியது. இரண்டு குப்பிகளும் நாள் குறித்து, மூடி இறுக்கி, வேதியியல் ஆய்வகத்துச் சன்னலோர அலமாரியில் வைக்கப்பட்டுள்ளன. கோடை விடுமுறையில் அவ்வழியே செல்லும் மாணவர் எவரேனும் இருப்பின், கழுவிய கண்ணாடிக் குப்பி ஒன்றைக் கொண்டு செல்லவும். குழிக்கு உரியவரிடம் கேட்டு, அவர் குடம் நிறைந்த பிறகு எடுத்துக்கொள்ளவும். அரைக் குப்பி போதும்.